ஆற்றங்கல்லின் பாசி

மூக்கண்டப்பள்ளியிலிருந்து கெலவரப்பள்ளி அணைக்குப் புறப்படும்போதெல்லாம் என் பையில் மூன்று பொருள்கள் இருக்கும்: பழைய பல்துலக்கி ஒன்று, கண்ணாடிக் குப்பிகள் சில, அயோடின் கரைசல். தென்பெண்ணையாற்றில் கிடக்கும் கல்லை எடுத்துத் தேய்த்தால், பழுப்பும் பச்சையுமாய் ஒரு குழம்பு வடியும். அதைக் குப்பியில் பிடித்து, பாசிகள் சிதையாதிருக்கச் சில துளி அயோடின் விடவேண்டும். ஆலை வேலைக்குச் செல்வோர் நின்று பார்த்துச் சிரிப்பர். கல்லுக்குப் பல் துலக்குபவனைக் கண்டால் யார்தாம் சிரிக்கமாட்டார்!

இப்பழக்கம் எனக்கு மலையில் வந்தது. மாணவப் பருவத்தில், தேன்கனிக்கோட்டையை அடுத்த அய்யூர்க் காட்டில் தாவரக் கணக்கெடுப்புக்குச் சென்றேன். கயிற்றால் சதுரம் கட்டி, அதனுள் நிற்கும் மரங்களை ஒன்றுவிடாமல் எண்ணினோம். உசிலை, சந்தனம், வெக்காலி எனப் பட்டியல் நீண்டது. மாலையில் ஓடையொன்றில் கால் வைத்தவன் வழுக்கி விழுந்தேன். எழுந்து துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் ஆசிரியர், “உன்னை வீழ்த்தியதையும் பட்டியலில் எழுது” என்றார்.

மறுநாள் நுண்ணோக்கியில் அந்த வழுக்கலைக் கண்டேன். படகு போலவும் ஊசி போலவும் விசிறி போலவும் டயாட்டங்கள்! அவற்றின் ஓடு சிலிக்காவால் ஆனது. கண்ணாடிப் பேழைக்குள் வாழும் ஒற்றைச் செல் உயிர்கள் அவை. ஓட்டின் மீதுள்ள நுண்வரிகளைக் கொண்டே இனம் பிரிப்பர். சில இனங்கள் தெளிந்த நீரில்தான் செழிக்கும். நிட்சியா பேலியா போன்றவை கழிவு மிகுந்த நீரையும் தாங்கும். நீரை அள்ளிச் சோதித்தால் அந்நேரத்து நிலை தெரியும். கல்லைச் சுரண்டினாலோ கடந்த சில வாரங்களின் நிலை தெரியும்.

கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, நகரங்களின் கழிவுநீரையும் ஏற்றுக்கொண்டே ஓசூர்ப் பக்கம் வருகிறது. அணையிலிருந்து நீர் வெளியேறும் இடத்தில் வெண்ணுரை மலைபோல் எழுவதை நாளிதழ்களில் கண்டிருப்பீர்கள். கழிவிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகும்போது, அவற்றை விரைந்து உண்ணும் சில பாசிகளே பெருகும். என் குப்பிகளிலும் அதுவே நிகழ்ந்தது. மலையோடையின் ஒரு துளியில் பெயர் தேடிக் களைத்த எனக்கு, இங்கே ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப எழுதிக் கை சலித்தது. பச்சை குறையவில்லை; பெயர்கள் குறைந்திருந்தன.

ஒருநாள் ஆற்றோரம் மாடு மேய்த்திருந்த பெரியவர் அருகில் வந்தார். “என்ன சாமி தேடுறீங்க?” என்றார். பாசி என்றேன். “எங்க காலத்துல கோடையில ஒரு பாசி, மழை விட்டதும் ஒரு பாசி. முடி மாதிரி நீளமா ஒண்ணு வரும். கால்ல சுத்திக்கும். அது இப்ப எங்க போச்சு?” என்று என்னையே கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. தரைத் தாவரங்களுக்கு 1915-இல் வெளிவரத் தொடங்கிய காம்பிளின் சென்னை மாகாணத் தாவரநூல் உண்டு. அருட்தந்தை மேத்யூவின் தொகுதிகள் உண்டு. பாசிகளுக்கும் நம்மவர் உழைத்திருக்கின்றனர். பேராசிரியர் எம். ஓ. பி. ஐயங்கார், ஈரமண்ணில் வாழும் பிரிட்சியெல்லா என்னும் பாசியை 1932-இல் உலகுக்கு அறிவித்தார். தேசிகாச்சாரி 1959-இல் நீலப்பசும்பாசிகளுக்கெனப் பெருநூல் தந்தார். ஆயினும் இந்த வளைவில், இந்தக் கற்களின்மேல், பெரியவரின் இளமையில் எவை வாழ்ந்தன என்று கூறும் ஒரு குப்பியும் என்னிடம் இல்லை. முடி போன்றது ஸ்பைரோகைராவாக இருக்கலாம்; வேறொன்றாகவும் இருக்கலாம். பெயரிடப்படாமல் போனதை எப்படித் தேடுவது?

அவர் சொன்னதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். நீளம் எவ்வளவு, நிறம் என்ன, எந்த மாதம் என்று கேட்டேன். அவர் மாட்டை மறந்து, மணலில் அமர்ந்து சொல்லத் தொடங்கினார்.