மையவாடிப் புல்லும் நம் கையிலிருந்த அமானிதமும்



ஐப்பசி மழை கொட்டி ஓய்ந்து, பதினைந்து நாள் வெயில் அடித்தால் போதும். திட்டக்குடிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் புல் இடுப்பளவு எழுந்துவிடும். வயலில் எழுந்தால் உழவர் பார்த்துக்கொள்வார். மையவாடியில் எழுந்தால் யார் பார்ப்பது? கோரையும் நாயுருவியும் பார்த்தீனியமும் ஒன்றாய் மண்டி மீஸான் கற்களை மறைத்துவிடுகின்றன. கால் வைக்கும் இடம் கப்ரா, வழியா என்பதே தெரியாமற்போகிறது. கப்ரின் மேல் அமர்வதைவிட, ஆடையைப் பொசுக்கித் தோலைத் தொடும் நெருப்புக்கங்கின் மேல் அமர்வது மேல் என்ற கருத்தில் நபிகளார் (ஸல்) எச்சரித்த ஹதீஸை நாம் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்கிறோம். ஆனால் புல் மண்டிய மையவாடியில் ஒரு ஜனாஸாவைச் சுமந்து செல்பவர், எத்தனை கப்ருகளை அறியாமல் மிதிக்கிறார் என்பதை எண்ணிப் பார்த்தவர் குறைவு.

முன்பெல்லாம் நான்கு ஆட்கள் அரிவாளோடு வந்து இரண்டு நாளில் சுத்தம் செய்துவிடுவார்கள். இப்போது ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் மக்காச்சோளக் காட்டு வேலைக்குப் போனது போக மீதி நாளில்தான் வருகிறார்கள். எனவே நாம் பணிபுரியும் மஹல்லாவின் ஜமாஅத் கூட்டத்தில், இயந்திரம் வாங்கலாம் என்ற பேச்சு எழுந்தது. வெளிநாட்டில் ஒரு பூங்காவில் வேலை பார்க்கும் சகோதரர் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தார். டிராக்டர்போல் ஏறி அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி ஒன்றைத் தம் செலவில் வாங்கித் தருவதாகச் சொன்னார். கத்திகள் வண்டியின் அடியில் ஒரு தகட்டுக்கூட்டுக்குள் சுழலும் என்றும், ஒரு நெம்பியை ஏற்றி இறக்கினால் புல் எத்தனை விரல் உயரத்தில் நிற்கவேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம் என்றும் விளக்கினார். ஒரு டயரில் காற்று குறைந்தால்கூடத் தரை ஒரு பக்கம் மழித்தும் மறுபக்கம் வளர்ந்தும் தெரியுமாம். கேட்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நம் மையவாடியில் சாண் உயரத்துக்கு மேடிட்ட கப்ருகளும் நடுவில் ஒற்றையடிப் பாதையுமே உண்டு. சக்கரம் எதன் மேல் ஏறும்? அவரே சிறிது யோசித்து, "அதுக்குத் தரை சமமா இருக்கணும் ஹஜ்ரத், இங்கே ஆகாது" என்றார். அவருடைய பணத்தில் தோளில் மாட்டிக்கொண்டு வெட்டும் பெட்ரோல் இயந்திரம், அதாவது பிரஷ் கட்டர், வாங்கப்பட்டது. அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக.

இவ்வகை இயந்திரங்களின் பிறப்பு வேடிக்கையானது. 1830இல் இங்கிலாந்தின் எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியின் மேற்பிசிரைச் சீவும் ஆலைக் கருவியைப் பார்த்து முதல் புல்வெட்டியைச் செய்தார். நைலான் நரம்பு சுழன்று புல்லை அறுக்கும் முறையோ, 1971இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவருக்குக் கார் கழுவும் தூரிகைகள் சுழல்வதைப் பார்த்தபோது தோன்றியது. பார்த்த பொருளிலிருந்து பாராத பொருளுக்குப் போகும் அறிவு அல்லாஹ் மனிதனுக்குத் தந்தது; அதில் நாட்டுப் பேதம் இல்லை.

வாங்கிய பிறகும் ஒரு கேள்வி நின்றது. நம் மஹல்லாவின் பெரியவர் ஒருவர், "பச்சைப் புல் தஸ்பீஹ் செய்கிறதே, அதை வெட்டலாமா?" என்று கேட்டார். கேள்வி சரியானது. வேதனை செய்யப்படும் இரு கப்ருகளைக் கடந்த நபிகளார் (ஸல்), ஒரு பச்சைப் பேரீச்ச மட்டையை இரண்டாகப் பிளந்து அவற்றின் மேல் நட்டதையும், அவை காயாதிருக்கும் வரை வேதனை இலேசாக்கப்படலாம் என்று கூறியதையும் இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். 1836இல் திமிஷ்கில் மறைந்த ஹனஃபி மேதை இப்னு ஆபிதீன் அவர்கள், மையவாடியின் பச்சைச் செடிகொடிகளை வெட்டுவது மக்ரூஹ், காய்ந்தவற்றை அகற்றலாம் என்று 'ரத்துல் முஹ்தா'ரில் எழுதுகிறார். மூத்த ஆலிம்களிடம் கேட்டு நாம் வகுத்துக்கொண்ட வழி இது: பாதையையும் குழி வெட்டும் இடத்தையும் முழுதாகச் சுத்தம் செய்வது, முள்ளையும் காய்ந்ததையும் எங்கிருந்தாலும் அகற்றுவது, கப்ரின் மேலுள்ள பசுமையை அடியோடு மழிக்காமல், கல்லும் மேடும் தெரியும் அளவுக்கு மட்டும் தணிப்பது. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் வாசகர்கள் தம் உஸ்தாதுகளிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

இயந்திரத்தை வைக்க மதரஸாவின் பின்னறையே வாய்த்தது. சாவி நம்மிடம். வக்ஃபுப் பொருள் அமானிதம் என்பது நமக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்தும் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

சென்ற ஆண்டு ஷஅபானில், பராஅத் இரவுக்கு முன்பு மையவாடியைச் சுத்தம் செய்தோம். சீமைக்கருவேலக் கன்றுகள் இருந்ததால் மூன்று பல் இரும்புத் தகடு மாட்டியிருந்தது. வேலை முடிந்ததும் டேங்கில் இருந்த எரிபொருளோடு அப்படியே மூலையில் சாய்த்து வைத்துப் பூட்டினோம். ரமலான் வந்தது, பிறகு தேர்வு, மதரஸா விடுமுறை, புதிய சேர்க்கை. ஒன்பது மாதம் அந்தக் கதவை இயந்திரத்துக்காக நாம் திறக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள், பஜ்ருக்குப் பின் மவ்த்துச் செய்தி வந்தது. வயதான தாய் ஒருவர். லுஹருக்குப் பின் அடக்கம். குழி வெட்டுபவர் இடம் பார்க்கப் போய்த் திரும்பி வந்து, உள்ளே நுழையவே முடியவில்லை என்றார். நாமும் மோதினாரும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கயிற்றை இழுத்தோம், மீண்டும் மீண்டும் இழுத்தோம். முப்பது இழுப்புக்கு மேல் கணக்கும் விட்டுப்போயிற்று. டேங்கைத் திறந்தால் பெட்ரோல் வாசம் போய்ப் பழைய வார்னிஷ் வாடை அடித்தது. அதைக் கொட்டிவிட்டுப் புதிது கலந்து ஊற்றி, பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி, ஒருவழியாக அது இருமிக்கொண்டு கிளம்பியபோது மணி பதினொன்றை நெருங்கிவிட்டது.

பாதை வரைக்கும் இரும்புத் தகடு போதும். கப்ருகளை ஒட்டி வெட்ட நைலான் நரம்புக்கு மாற்றியாக வேண்டும். துவாரத்தில் ஆணியைச் செருகி அச்சைப் பிடித்துக்கொண்டு, ஸ்பேனரால் மரையை வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பினோம். அசையவில்லை. பலம் கூட்டினோம், மேலும் இறுகியது. ஜனாஸாவைத் தாமதப்படுத்தலாகாது என்ற நினைப்பு ஒரு பக்கம், நேரம் ஒரு பக்கம். கவனமாக ஓட்டினால் போதும் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டு இரும்புத் தகட்டோடே உள்ளே போனோம்.

கோரைக்குள் 'டணார்' என்றொரு சத்தம். இயந்திரத்தை நிறுத்தி விலக்கிப் பார்த்தால், முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு சிறு மீஸான் கல். அதன் மேல்மூலை உள்ளங்கையளவு பெயர்ந்து கிடந்தது. பிறந்த நான்காம் நாள் இறந்த குழந்தையின் கப்ர் அது. குழந்தையின் அக்கா நம்மிடம்தான் அம்ம ஜுஸ்வு ஓதுகிறாள்.

பெயர்ந்த துண்டை எடுத்து ஜுப்பாப் பைக்குள் போட்டோம். மோதினார் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுங்க ஹஜ்ரத், பத்து நாள்ல புல்லு மூடிக்கும், யாருக்கும் தெரியாது" என்றார். நமக்கு ஆறுதலாகவே சொன்னார். அந்தச் சொல் நமக்கு இனித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அடக்கம் முடிந்தது, துஆ ஓதினோம், கலைந்தோம். மஃரிபுக்குப் பின் மக்தப். அந்தச் சிறுமி ஸூரத்துஸ் ஸில்ஸாலைப் பிழையின்றி ஓதி ஒப்புவித்தாள். அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் காட்டப்படும் என்று சொல்லும் ஸூரா அது. பைக்குள் அந்தத் துண்டு கனத்தது.

இஷாவுக்குப் பின் அவர்கள் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் அமரச்சொன்னார். துண்டை எடுத்து வைத்து நடந்ததைச் சொன்னோம். அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கப்ர் மேலே தகடு பட்டுச்சா ஹஜ்ரத்?" என்று மட்டும் கேட்டார். இல்லை, கல்லில்தான் என்றோம். தலையசைத்தார். அப்போது கதவுக்குப் பின்னிருந்து குழந்தையின் தாயார் பேசினார். "இவங்க ரெண்டு வெள்ளிக்கிழமை ஸியாரத்துக்குப் போய், புல்லுக்குள்ள இடம் தெரியாமத் திரும்பி வந்துட்டாங்க ஹஜ்ரத். கல்லு இருக்கிற இடம் இப்பவாவது தெரியுதா?"

கல்லை உடைத்ததற்காக மன்னிப்புக் கேட்கப் போயிருந்தோம். ஒன்பது மாதம் பூட்டிவைத்ததற்கு என்ன சொல்வது என்று நாம் தயாராகப் போகவில்லை.

புதுக்கல் நம் செலவில் வைக்கிறோம் என்றதற்கு அவர் இணங்கவில்லை. அந்தத் துண்டையே ஒட்டினால் போதும் என்றார். கொத்தனார் ஒருவர் வெள்ளைச் சிமெண்டால் ஒட்டிக்கொடுத்தார். உற்றுப் பார்த்தால் கோடு தெரியும்.

மறுநாள் இயந்திரத்தை விருத்தாசலம் சாலையில் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோனோம். உழவர்களின் மருந்தடிக்கும் ஸ்பிரேயர்களைப் பழுது பார்ப்பவர். மரையை ஸ்பேனரால் வலப்பக்கம் ஒரு தட்டுத் தட்டினார், கழன்றுவிட்டது. "இது எதிர்மரை பாய். தகடு சுத்துற வேகத்துல தானாக் கழலக்கூடாதுன்னு மாத்தி வெட்டியிருப்பாங்க" என்றார். கையேட்டில் படத்தோடு போட்டிருந்தது. கிதாபைப் பார்க்காமல் ஃபத்வா சொல்பவனை நாம் எவ்வளவு கண்டித்திருக்கிறோம்!

அவர் கற்றுத்தந்ததை இயந்திரம் வைத்திருக்கும் மற்ற மஹல்லாக்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். எண்ணெய்க்குத் தனி அறை கிடையாது. பெட்ரோலோடு கலந்த 2டி ஆயில்தான் பிஸ்டனைத் தேயாமல் காக்கிறது. நம் இயந்திரத்துக்கு 25க்கு 1, அதாவது ஒரு லிட்டருக்கு 40 மில்லி. சில வகைகளுக்கு 50க்கு 1. கண்ணளவில் ஊற்றக்கூடாது. குறைந்தால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும், கூடினால் புகைந்து பிளக் அடைபடும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நின்றால் பிசினாகிக் கார்புரேட்டரின் ஊசித்துளைகளை அடைத்து, உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் தகட்டையும் விறைக்கச் செய்யும். ஆகவே வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மிச்சமிருப்பது தீர்ந்து எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தைத்தான் ஷஅபானில் நாம் மிச்சம் பிடித்தோம்.

பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அதன் வெள்ளை உடம்பு பீங்கான். செராமிக் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலத்துக்குப் பக்கத்திலேயே இத்தனை ஆண்டு இருந்தும், மின்சாரத்தைத் தடுத்து நுனிக்கு மட்டும் அனுப்புவது இந்தப் பீங்கான்தான் என்று அன்றுதான் அறிந்தோம். நுனி காவியேறியிருந்தால் நலம். கரிபடிந்து ஈரமாயிருந்தால் கலவையிலோ காற்று வடிகட்டியிலோ கோளாறு. இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். வடிகட்டிப் பஞ்சைச் சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்திப் போடவேண்டும். அதிலிருந்து கொட்டிய நம் மையவாடிப் புழுதி ஒரு பிடி இருக்கும். நுனியில் உள்ள பற்சக்கரப் பெட்டிக்கு 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கிரீஸ். நைலான் நரம்பை முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறவைத்தால் கல்லில் பட்டாலும் சட்டென்று ஒடியாது. கண்ணுக்குக் கண்ணாடியும் காலுக்குப் பூட்ஸும் இல்லாமல் ஓட்டக்கூடாது. பதினைந்து மீட்டருக்குள் யாரும் நிற்கக்கூடாது. பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள், கவனம்.

இப்போது பின்னறைச் சுவரில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. எந்த நாள் ஓடியது, எவ்வளவு நேரம், டேங்கைக் காலி செய்தது யார் என்று எழுதி ஒப்பமிட வேண்டும். மாதம் ஒருமுறை, மவ்த்து இருந்தாலும் இல்லாவிட்டாலும், கிளப்பிப் பார்க்கிறோம். எதிர்மரை என்று பெட்டியின் மேல் சிவப்புச் சாயத்தில் அம்புக்குறியும் போட்டாயிற்று.

சென்ற ஞாயிறு மையவாடியில் வேலை. குழந்தையின் தந்தை நமக்கு முன்பே வந்திருந்தார். ஒரு கட்டு மூங்கில் குச்சிகளில் சிவப்புத் துணி கட்டிக் கொண்டுவந்து, சிறு கப்ருகளின் தலைமாட்டில் ஒவ்வொன்றாக ஊன்றிக்கொண்டிருந்தார். தம்முடைய குழந்தைக்கு மட்டும் அல்ல, புல்லுக்குள் தேடித்தேடி எல்லாச் சிறு கப்ருகளுக்கும். நாம் தள்ளி நின்று இயந்திரத்தைக் கிளப்பினோம். விசையை விட்டபிறகும் நைலான் தலை மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. அப்படிச் சுழலக்கூடாது என்று பட்டறைக்காரர் சொல்லியிருந்தார். கார்புரேட்டர் ஓரத்துத் திருகைக் கால் சுற்று இடப்பக்கம் தளர்த்தினோம். எஞ்சின் ஓசை தணிந்தது, தலை நின்றது. அவர் கடைசிக் குச்சியை ஊன்றி நிமிர்ந்து, வரலாம் என்று கையசைத்தார்.