அம்மா எடுக்காத போன்

என் அம்மாவின் போனில் ஆளுக்கொரு மணி உண்டு. சர்க்கரை நோய் அவள் விழித்திரையைப் பாழாக்கிவிட்டது. போனை முகத்தருகே கொண்டுபோனால் வெளிச்சம் தெரியும், எழுத்து தெரியாது. கோவில்பட்டியில் தனியாக இருக்கிறாள். அக்கா ராஜபாளையத்தில், நான் சென்னையில். அழைப்பது யார் என்று அவளுக்குச் சொல்ல காதைத் தவிர வேறு வழி இல்லை.

அழைப்பவரின் பெயரை வாசித்துச் சொல்லும் வசதி போனிலேயே இருக்கிறது. வைத்துப் பார்த்தோம். அந்த இயந்திரக் குரல் எங்கள் பெயர்களை உச்சரித்த விதம் அம்மாவுக்குப் பிடிபடவே இல்லை. அதனால் ஒவ்வொருவரையும் பேசச் சொல்லிப் பதிவு செய்தேன். அக்காவுக்கு, "அம்மா, நாந்தான் பெரியவ." பால்காரருக்கு அவருடைய சைக்கிள் மணியே. மருந்துக் கடைக்காரர் தன் குரலில், "ஆச்சி, மாத்திர வந்திருக்கு" என்று சிரித்துக்கொண்டே பேசிக் கொடுத்தார். அக்கா மகனுக்கு அவன் ஏழாம் வகுப்புக் கீச்சுக் குரலில் ஒரு கூப்பாடு.

இதில் சில நுணுக்கங்கள் உண்டு. மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பதிய வேண்டும். இல்லாவிட்டால் ஒலியைக் கூட்டும்போது அந்த இரைச்சலும் சேர்ந்து கூடும். குரலுக்கு முன்னால் இருக்கும் மௌனத்தை ஒட்ட வெட்ட வேண்டும். அடுப்படியிலிருந்து சுவரைப் பிடித்து நடந்து வருகிறவளுக்கு முதல் நொடியிலேயே ஆள் தெரிய வேண்டும். வாக்கியம் முடிந்ததும் கொஞ்சம் இடைவெளி விட்டால்தான் திரும்பத் திரும்ப ஒலிக்கும்போது காது வலிக்காது.

எங்கள் வீட்டுக்கு இது புதிதல்ல. அப்பாவிடம் நோக்கியா 3310 இருந்த காலத்தில் அதிலேயே மெட்டுப் போடும் வசதி இருந்தது. 1 முதல் 7 வரை ஏழு பொத்தான்களும் ஏழு சுரங்கள். வரிசையாக அழுத்தினால் சங்கராபரணம் வந்துவிடும். 8 சுரத்தைக் குறுக்கும், 9 நீட்டும், 0 இடைவெளி விடும், நட்சத்திரம் ஸ்தாயியை மாற்றும். மோகனம் வேண்டுமென்றால் 4-ஐயும் 7-ஐயும் தொடாமல் விட்டால் போதும். கமகம் ஏதும் வராது, வெறும் பீப் ஒலிதான். ஆனாலும் அம்மா முணுமுணுக்கும் தாலாட்டை அதில் அடித்துக் கொடுத்தபோது, பஸ்ஸில் பத்துப் பேர் போன் அடித்தாலும் தன்னுடையது எது என்று அப்பாவுக்குத் தெரிந்தது. அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

அம்மாவுக்கு நாங்கள் சொல்லி வைத்த விதி ஒன்றுதான். தெரிந்த குரலோ ஓசையோ கேட்டால் எடு. போனோடு வந்த பொது மணி அடித்தால் எடுக்காதே. வங்கியிலிருந்து பேசுகிறோம், ஓடிபி சொல்லுங்கள் என்று கேட்பவர்களிடமிருந்து அவளைக் காப்பாற்றி வந்தது அந்த விதிதான். அவள் அதைச் சரியாகக் கடைப்பிடித்தாள்.

ஒரு நாள் இரவு அப்டேட் தானாக இறங்கி, விடிவதற்குள் போன் தானே அணைந்து எழுந்திருக்கிறது. காலையில் அக்கா அழைத்தாள், அம்மா எடுக்கவில்லை. நான் அழைத்தேன், எடுக்கவில்லை. மதியமும் அப்படியே. விழுந்து கிடக்கிறாளோ, சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று என்னென்னவோ நினைத்து, அழுகையை அடக்கிக்கொண்டு அடுத்த தெரு சித்தியை ஓடச் சொன்னேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாளாம். சித்தியின் போனில் பேசினாள்.

"காலையிலருந்து யாரோ தெரியாதவன் விடாம அடிச்சிட்டே இருக்கான் ஏட்டி. நீங்க யாரும் ஏன் பேசல?"

யாரோ தெரியாதவன் என்றது எங்களைத்தான். எல்லோருடைய குரலும் காணாமல் போய், அத்தனை பேருக்கும் பொது மணியே அடித்திருக்கிறது. அன்று முழுக்க, பெற்ற பிள்ளைகளை அந்நியர்கள் என்று எண்ணிப் போனை எடுக்காமல் இருந்திருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் என் நெஞ்சு ஆறவில்லை. இதை எழுதும்போதும் ஆறவில்லை.

மறுநாளே ஊருக்குப் போய் சர்வீஸ் சென்டரில் காட்டினேன். பழைய பதிவுகள் மெமரி கார்டில் பத்திரமாக இருந்தன. ஆனால் தொடர்பு எண்ணுக்கு மணி வைக்கும் பக்கத்தில், சொந்த ஃபைலைத் தேர்ந்தெடுக்கும் வழியைக் காணோம். கம்பெனியின் டோன்களும் அவர்களுடைய கடையில் கிடைப்பவையும் மட்டுமே வரிசையாக நின்றன. அங்கிருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினான். "இதுலயே நல்ல டோன் நிறைய இருக்கேக்கா, அம்மாவுக்குப் புடிச்சதா ஒண்ணு வைங்க." அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

ஏன் இப்படி ஆகிறது என்று துருவிப் படித்தேன். ஆண்ட்ராய்டு போன், மணியோசையை நாம் வைத்த பெயரைக் கொண்டு நினைவில் வைப்பதில்லை. போனிலுள்ள ஒலி, படங்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கிறது. அக்காவின் தொடர்புப் பக்கத்தில் இருப்பது அந்த எண்ணைச் சுட்டும் முகவரிதான். பெரிய அப்டேட்டில் அந்தப் பட்டியல் புதிதாக எழுதப்பட்டால் எண்கள் மாறிவிடும். தேடிய எண் கிடைக்காவிட்டால் போன் எதையும் கேட்காமல் பொது மணிக்குப் போய்விடும். மெமரி கார்டில் வைத்த ஓசைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். இதில் சூது எதுவும் இல்லை. "இந்த மணி கிடைக்கவில்லை, என்ன செய்யட்டும்?" என்று ஒரு வரி கேட்டிருந்தால் போதும். அந்த வரியை எழுத வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

சொந்த மணி வைக்கும் வழியை வேண்டுமென்றே அடைத்த காலமும் உண்டு. 2007 செப்டம்பரில் ஆப்பிள் ஐஃபோனுக்கு மணியோசை விற்கத் தொடங்கியது. பாட்டை 99 சென்ட்டுக்கு வாங்கியவர், அதிலிருந்தே 30 நொடி வெட்டி மணியாக வைக்க இன்னொரு 99 சென்ட் தர வேண்டியிருந்தது. ஃபைலின் பெயரில் கடைசி எழுத்துகளை எம்4ஆர் என்று மாற்றினாலே சொந்த ஒலியை ஏற்றிவிடலாம் என்று மக்கள் உடனே கண்டுபிடித்தார்கள். சில நாட்களிலேயே, ஐஃபோனில் பாட்டு ஏற்றும் ஆப்பிள் மென்பொருளான ஐடியூன்ஸின் 7.4.1 வந்து அந்த வழியை மூடியது. மாத இறுதியில் ஐஃபோனுக்கு வந்த 1.1.1 அப்டேட், வெளியார் மென்பொருள் வழியாக மணி ஏற்றுவதையும் முடக்கியது. பாட்டு விற்பனைக்காகப் போட்ட பூட்டு, சொந்தப் பிள்ளையின் சிரிப்பைப் பதிந்து வைத்தவருக்கும் சேர்த்தே விழுந்தது. அதுதான் எனக்கு வலிக்கிறது.

மணியோசை விற்பது பணம் பெருத்த தொழில் அப்போது. பொது இடத்தில் ஒருவர் போன் பாட்டாக ஒலித்தால் அது பொது நிகழ்ச்சி, அதற்கும் கட்டணம் வேண்டும் என்று ஆஸ்காப் என்ற அமெரிக்க இசையுரிமைச் சங்கம் வாதாடியது. 2009 அக்டோபரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. நல்ல தீர்ப்பு. ஆப்பிளும் பின்னாளில் கராஜ்பேண்ட் என்ற தன் இசைச் செயலி வழியாக ஒரு பாதை திறந்தது. கம்ப்யூட்டரோ வேறு செயலியோ இல்லாமல், ஐஃபோனில் உள்ள சின்ன ஒலிப்பதிவை நேராக மணியாக வைக்கும் வசதி 2025-ல் ஐஓஎஸ் 26-உடன்தான் வந்தது. 2007-ல் அந்த விற்பனை தொடங்கிய அன்று பிறந்த குழந்தைக்கு அதற்குள் ஓட்டுரிமையே வந்திருக்கும்.

அப்டேட்டே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அம்மாவின் ஓய்வூதியக் கணக்கு அந்தப் போனோடு இணைந்திருக்கிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் வந்தே ஆக வேண்டும். செயலிகள் நமக்குத் தெரியாமல் மணியை மாற்றக் கூடாது என்று 2015-ல் ஆண்ட்ராய்டு 6 தனி அனுமதி கேட்க வைத்ததும் நியாயம்தான். ஒரு செயலி கேட்க வேண்டிய அனுமதியைக் கம்பெனியும் கேட்கட்டும் என்பதே என் வாதம். பாதுகாப்பைச் சரிசெய்ய வந்தவர்கள், ஒரு பார்வையற்ற பெண் தன் பிள்ளைகளை அடையாளம் காணும் வழியை ஏன் தொட வேண்டும்? இதையெல்லாம் விரிவாகக் கம்பெனிக்கு எழுதினேன். கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. மறுபடியும் எழுதியிருக்கிறேன்.

இப்போது எல்லாக் குரல்களையும் கார்டிலிருந்து எடுத்து, போனின் உள் நினைவகத்தில் ரிங்டோன்ஸ் என்ற ஃபோல்டரில் போட்டேன். அங்கே வைத்தால் கம்பெனி டோன்களுக்கு நடுவிலேயே அவையும் தலைகாட்டுகின்றன. தேர்ந்தெடுத்து ஆளாளுக்குத் திரும்ப வைத்தேன். அப்டேட் தானாக இறங்குவதை நிறுத்தி, நானோ அக்காவோ ஊருக்குப் போகும்போது மட்டும் கையால் போடுகிறோம். போட்டு முடித்ததும் ஒவ்வொருவரும் ஒருமுறை அழைத்து, அம்மா பெயர் சொன்ன பிறகுதான் கிளம்புவோம். பதிவுகளின் நகல் ஒரு பென் டிரைவில் அக்காவிடமும் இருக்கிறது.

போன முறை அப்படிச் சோதித்தபோது அக்கா மகனின் மணி வந்ததும் அம்மா முகம் சுளித்தாள். அவனுக்கு மீசை அரும்பிக் குரல் உடைந்து நாளாகிவிட்டது.

"இது சின்னப் பயலா இருந்தப்ப பேசினதுல்லா? எடுத்தா வேற ஆளு பேசுதான். அவன புதுசா ஒருக்க பேசச் சொல்லு."

வருகிற சனிக்கிழமை அவனை வரச் சொல்லியிருக்கிறேன். பழைய கீச்சுக் குரலை அழிக்கப்போவதில்லை, அது பென் டிரைவில் இருக்கும்.