மூத்தம்மா படித்த கவி

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 40 கிலோமீற்றர் பஸ்ஸிற் பிரயாணம் செய்து, பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு எனத் தமிழரூரும் முஸ்லிம்களின் ஊரும் ஒன்றையடுத்து ஒன்றாய் வந்து மறையக் கல்முனையை அடைபவர்களுக்கு, இப்பகுதியார் தங்கள் உறவைப் பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று ஏன் சொன்னார்கள் என்பது தானே விளங்கிவிடும். நண்பர்கள் நால்வர் ஒரு வார இறுதியை இங்கே கழிப்பதென்று சங்கற்பம் செய்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்திறங்கினோம்.

சனிக்கிழமை காலை மருதமுனையில் நெசவு பார்த்தோம். 1977க்குப் பின் இறக்குமதித் துணி தாராளமாக வந்தபோது மௌனித்த தறிகள் அநேகம். எஞ்சியவற்றிலே சாரமும் சேலையும் இன்றும் வளர்கின்றன. நீலாவணனையும் எம். ஏ. நுஃமானையும் சோலைக்கிளியையும் தமிழுக்குத் தந்த கரை இது என்ற நினைவோடு, அன்று மாலை கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலுக்குச் சென்றோம்.

நாகூரிலே அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டகையின் ஞாபகார்த்தமாக ஆண்டுதோறும் இங்கே கொடியேறும். றபான் முழங்க, பக்கீர்மார் பைத் ஓத, அலையோசையும் அதனோடு கலக்க, மினாராவை நோக்கிக் கொடி மெல்ல உயர்ந்தபோது, 2004 டிசம்பர் 26ஆம் நாள் இதே கடல் பொங்கி அம்பாறை மாவட்டத்திற் சுமார் 10,000 உயிர்களைக் கொண்டுபோனதை நினைத்து நாங்கள் வாயடைத்து நின்றோம். எங்கள் பக்கத்தில் நின்ற சிறுவர்களோ ஆனந்தமாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நிந்தவூருக்குப் புறப்பட்டோம். இடையில் வரும் காரைதீவு, பழந்தமிழ் யாழைப் பல்லாண்டு ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூல்’ வெளியிட்ட சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர். அழிந்துபோன இசையை மீட்பது எத்துணைப் பெருந்தவம் என்பதை அவ்வூரைக் கடக்கும்போது பேசிக்கொண்டே போனோம்.

நிந்தவூரிலே எங்களில் ஒருவரின் மூத்தம்மா, அதாவது பாட்டி, வீட்டுத் திண்ணையிலிருந்து பன் பாய் இழைத்துக்கொண்டிருந்தார். கவி என்று இங்கே வழங்கும் நாட்டார் பாடல் ஒன்றைப் படிக்கும்படி கேட்டோம்.

“கேட்டா வாறதா மனே கவி? மனசில ஒண்டு இரிக்கணும்” என்றார்.

நாங்களும் வற்புறுத்தவில்லை. தேநீர் குடித்து, வேறு கதை பேசி, அரைமணி நேரம் கழிந்திருக்கும். கை பாயிலேயே இருக்க, கண் எங்கோ செல்ல, அவர் குரல் தானாக எழுந்தது. நாலே அடி, மேளமில்லை, தாளமில்லை, ஒவ்வோரடியின் ஈற்றிலும் குரல் நீண்டு நலிந்து அடங்கிற்று. வயல் வட்டையிலே வேளாண்மைக் காவலுக்குப் போன மச்சானுக்கு, வீட்டிலிருக்கும் பெண் சொல்லியனுப்பும் சேதி அது. சங்கீத சபைகளிற் பல கச்சேரிகள் கேட்டிருக்கிறேன். அந்த நாலு அடியைப் போல என்னை நிலைகுலையச் செய்தவை மிகச் சிலவே.

யார் கட்டிய கவி என்று கேட்டோம். “எங்கட மூத்தம்மா படிப்பா. அவக்கு ஆரு குடுத்தாவோ” என்றார்.

இப்பகுதி முஸ்லிம்களிடையே குடிவழி தாயைக் கொண்டே எண்ணப்படும். மாப்பிள்ளையே பெண்வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் மகளுக்கே சேரும். கவியும் அப்படியே தாய்வழி முதுசமாய் வந்திருக்கிறது போலும். வீட்டுக்கு உறுதி எழுதினார்கள். கவியை எழுதி வைத்தவர் சிலரே. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் அரும்பாடுபட்டுத் திரட்டியவை நூலாயின. திரட்டாதவை மூத்தம்மாமாரோடு மறைகின்றன. அன்று படித்தவருக்கே அடுத்த கவியில் மூன்றாம் அடி வரவில்லை. நெடுநேரம் யோசித்துவிட்டுப் பாயின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இக்கரையிலே பிறந்த தம்பி தங்கையரே, இந்தக் கிழமையே உங்கள் மூத்தம்மாவிடம் ஒரு கவி கேளுங்கள். அவர் சொன்ன சொல் மாறாமல் அதை எழுதுங்கள். அடியிலே அவர் பெயரையும் எழுதி வையுங்கள்.