பட்டியலில் ஒரு பெயர்

தெருவில் எல்லாருக்கும் ஆச்சி 'வாத்தியார் அம்மா'தான். அவளுடைய சொந்தப் பெயர் அச்சில் இருந்தது வாக்காளர் பட்டியலில் மட்டும். மட்டமான காகிதம், மங்கிய எழுத்து. பெயர், கணவர் பெயர், கதவு எண், வயது. வயது ஐந்தாறு குறைவாகவே இருக்கும். "இருந்துட்டுப் போகட்டும், பேரு இருக்கா பாரு" என்பாள்.

முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது வடக்கே ஏராளமான பெண்கள் பெயர் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் தாய் என்றே எழுத வைத்தார்களாம். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். அதற்கு முன், வெள்ளைக்காரன் காலத்தில், சொத்தும் வரியும் படிப்பும் பார்த்துத்தான் ஓட்டு. ஆச்சியின் அப்பாவிடம் அது எதுவும் இல்லை.

அண்ணன் கல்லூரியில் படிக்கும்போது கட்சிக்குச் சுவரொட்டி ஒட்டுவான். ஓட்டுப் போட வயது போதாது. அப்போது 21. அரசமைப்பின் 61ஆவது திருத்தம் 1989இல் அதை 18 ஆக்கியது. அந்த வருஷமே விரலில் மையோடு வீட்டுக்கு வந்தான். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எதில் 18 நிரம்பினாலும் சேரலாம். 17 முடிந்ததுமே படிவம் 6 கொடுத்து வைக்கலாம்.

அத்தை கதை வேறு. மகள் வீட்டோடு நகரத்துக்கு வந்து வருஷங்கள் ஆகியும், ஊர் முகவரி போட்ட அட்டையோடு பக்கத்துச் சாவடிக்குப் போய் நின்றாள். "அட்டை இருக்கே" என்றாள். அட்டை ஆளை அடையாளம் காட்டும், அவ்வளவுதான்; ஓட்டைத் தருவது பட்டியல். ஆச்சி கேட்ட கேள்விதான் சட்டம் கேட்பதும். இடம் மாறினால் படிவம் 8. இரண்டு இடத்தில் பெயர் வைத்திருக்கக் கூடாது. சொந்த வீடு வேண்டாம், வாடகை வீடு போதும். இந்தியக் குடிமகனாக, அந்தத் தொகுதியில் வழக்கமாக வசிப்பவராக இருந்தால் சரி.

தேர்தல் அறிவித்த பிறகு ஓடாதீர்கள். வீட்டில் 17 தாண்டிய பிள்ளை இருந்தாலும், சமீபத்தில் குடி மாறியிருந்தாலும், இந்த வாரமே பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.