பழியைத் தாய்மேல் போட்டேன்

அந்த நாய்க்குட்டி செத்ததற்குக் காரணம் நான். தெருவில் எல்லோரும் அதன் தாயைத்தான் ஏசினார்கள். அப்படி ஏச வைத்தவனும் நான்தான். இரண்டையும் மறைக்காமல் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

எங்கள் ஊர் மார்டள்ளி. ஹனூரைத் தாண்டி, மாதேஸ்வரன் மலைப் பக்கம் இருக்கிறது. 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமாகும் வரை நாங்கள் மைசூர் மாவட்டம். மறைமாவட்டம் இன்றும் மைசூர்தான். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். நான் அறிவியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் என்னை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மரியாதை எனக்குள் கர்வமாக முற்றியிருந்தது. எனக்குத் தெரியாதது ஒன்று இருக்கும் என்பதையே மறந்திருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம். மலைக்காற்று இறங்கும் நாட்கள். வீட்டுப் பின்னால் ராகிப் புல் போருக்கு அடியில் ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது. ஒரு குட்டி மட்டும் போருக்கு வெளியே வெறும் மண்ணில் கிடந்தது. என் பேத்தி அதை எடுத்துத் தாயிடம் விட்டாள். தாய் மூக்கால் தள்ளிவிட்டது. மறுபடி விட்டாள். மறுபடியும் தள்ளியது. குட்டியைப் பாவாடையில் ஏந்திக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"தாத்தா, அதோட அம்மாவே இத வேணாங்குது."

கையில் வாங்கினேன். கண் திறக்காத குட்டி. உள்ளங்கைக்குள் அடங்கியது. வயிறு ஜில்லென்று இருந்தது. என் கைக்கு அது நன்றாகவே தெரிந்தது. நான் பொருட்படுத்தவில்லை.

எதிர்வீட்டு அம்மா வேலியோரம் வந்து நின்றார்கள். காலமெல்லாம் ஆடு வளர்த்தவர்கள். தாய் ஒதுக்கிய ஆட்டுக்குட்டிகள் எத்தனையோ அவர்கள் வீட்டு அடுப்படியில் பிழைத்திருக்கின்றன. குட்டியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்கள்.

"குட்டி வெறைச்சுப் போயிருக்குது வாத்தியாரே. மொதல்ல சூடு காட்டுங்க. பாலு அப்பறம்."

"ஆடு வேற, நாய் வேறம்மா" என்றேன்.

அதோடு நிறுத்தவில்லை. பாலூட்டிகள் எல்லாம் வெப்ப ரத்தப் பிராணிகள், தங்கள் உடம்புச் சூட்டைத் தாங்களே காத்துக்கொள்ளும், இதற்குப் பசி மட்டும்தான் என்று விளக்கினேன். ஆண்டுக்கணக்காக வகுப்பில் சொன்ன பாடம். பேத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் ஆடு மேய்க்கிறவர்களிடம் நான் பாடம் கேட்பதா? அந்த எண்ணம்தான் எனக்குள் ஓடியது. அந்த அம்மா பதில் பேசவில்லை. போய்விட்டார்கள்.

அடுத்து நான் செய்ததைக் குறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஃபிரிட்ஜில் நந்தினி பால் பாக்கெட் இருந்தது. சரியாகச் சூடுகூடப் பண்ணவில்லை. பேத்திக்குக் கைக்குழந்தையில் புகட்டிய பாலாடையை எடுத்தேன். குழந்தையைக் கிடத்துவது போலவே குட்டியையும் மடியில் மல்லாத்தினேன். வாயோரம் சரித்தேன். பால் கழுத்தில் வழிந்தது. குட்டி சப்பவே இல்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். சுண்டுவிரலால் வாயைத் திறந்து ஊற்றினேன். உடம்பு ஒரு முறை உதறியது. மூக்குத் துளை இரண்டிலும் பால் குமிழ் விட்டது.

"தாத்தா, மூக்குல வருது" என்றாள் பேத்தி.

"ஒண்ணுமில்ல. குடிக்குது பாரு."

துண்டால் துடைத்துவிட்டு மறுபடியும் ஊற்றினேன்.

முதல் தடவை ஊற்றியது அறியாமை. மறுபடி ஊற்றியது அறியாமை அல்ல. ஏதோ தப்பாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்தினால் பேத்தி முன்னால் தோற்றதாகிவிடும். அந்தப் பயத்தில்தான் ஊற்றினேன். ராத்திரி முழுக்கக் குட்டி வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. நெஞ்சுக்குள் கறகறவென்று சத்தம். விடிவதற்குள் அடங்கிவிட்டது.

காலையில் பேத்தி கேட்டாள். நான் சொன்ன பதில் இது: "பெத்தவளே கைவிட்டுட்டா கண்ணு. அப்பறம் யாரு காப்பாத்த முடியும்?"

பொய் என்று தெரிந்தே சொன்னேன். வாத்தியார் சொன்ன சொல் என்பதால் தெருவும் நம்பியது. அதுவரை மிச்சக் களியைக் கொண்டுபோய் அந்த நாய்க்கு வைப்பவள் என் பேத்திதான். அன்றைக்கு அவளே கல்லெடுத்து எறிந்தாள். விலாவில் பட்டது. நாய் கத்தியது. நான் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன். தடுக்கவில்லை. தடுத்தால் ஏன் என்று கேட்பாள். பொழுது சாய்வதற்குள் தாய் மற்றக் குட்டிகளைப் பிடரியில் கவ்வி, ஒவ்வொன்றாக வேலிக்கு அப்பால் சோளக்காட்டுக்குத் தூக்கிப் போய்விட்டது. போர் தந்த கதகதப்பு அங்கே கிடையாது. அந்தக் குட்டிகளில் ஒன்றுகூடத் தெருவுக்குத் திரும்பவில்லை. அதையும் என் கணக்கில்தான் எழுத வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபப்பட்டேன் என்றேன். பூசைக்கு வரத் தவறினேன் என்றேன். இதைச் சொல்லவில்லை. நாய்க்குட்டிதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். குழந்தையிடம் சொன்ன பொய்யையும் அதற்குள்ளேயே மறைத்துக்கொண்டேன்.

பண்டிகை முடிந்து ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். அதையும் வேறு யாருக்கோ நடந்தது போலத்தான் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்.

பிறந்த நாய்க்குட்டிக்கு நடுங்கிச் சூடு உண்டாக்கத் தெரியாது. முதல் இரண்டு வாரம் தாயின் உடம்பும் கூடப்பிறந்தவற்றின் உடம்பும்தான் அதற்குச் சூடு. வளர்ந்த நாயின் உடல் வெப்பம் 38 டிகிரிக்கு மேல். குட்டிக்கு முதல் வாரத்தில் 35 முதல் 37 வரைதான். 34-க்குக் கீழே போனால் குடல் வேலை செய்யாது. சப்பும் சக்தி போய்விடும். ஊற்றிய பால் செரிக்காது, மூச்சுக்குழாய்க்குள் போகும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, மெதுவாகச் சூடேற்றிய பிறகே பால். அதுவும் மல்லாத்தி அல்ல. தாயின் மடியில் கிடப்பது போலக் குப்புறக் கிடத்தி, தலை லேசாக நிமிர்ந்திருக்க வேண்டும். பசும்பாலில் நாய்ப்பாலில் உள்ள கொழுப்பும் புரதமும் பாதிகூட இல்லை. குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குட்டி தானாக மூத்திரம்கூடப் போகாது.

கடைசியாக ஒன்று சொன்னார். உடம்பு குளிர்ந்த குட்டியைத் தாய் ஒதுக்குவது உண்டு. சூடேற்றித் திரும்ப விட்டால் பல சமயம் சேர்த்துக்கொள்ளும்.

எதிர்வீட்டு அம்மா சொன்னது இதைத்தான். எனக்கும் இது புதிதல்ல. 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில் எட்கார் ரேய் சனாப்ரியா என்ற மருத்துவர், இன்குபேட்டர் போதாத நிலையில், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டிக் காப்பாற்றினார். கங்காரு முறை என்று அதை வகுப்பில் பெருமையாகச் சொன்னவன் நான். கையில் ஒரு உயிர் விறைத்துக் கிடந்தபோது அது நினைவுக்கு வரவில்லை. கர்வம் வரவிடவில்லை.

எதிர்வீட்டுக்குப் போனேன். "உங்க பேச்சக் கேட்டிருந்தா பொழச்சிருக்கும்மா" என்றேன்.

"பொழச்சிருக்கும்னு சொல்ல முடியாது வாத்தியாரே. ஆனா கேட்டிருக்கலாம்."

பிறகு பேத்தியை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கில் பால் வந்ததைக் கண்டும் ஊற்றியதைச் சொன்னேன். தாய்மேல் பழி போட்டதைச் சொன்னேன். அவள் குட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. "அப்போ நான் எதுக்கு அதக் கல்லால அடிச்சேன் தாத்தா?" என்று கேட்டு அழுதாள்.

"நான் சொன்ன பொய்யை நம்பித்தான் கண்ணு" என்றேன்.

இப்போது அவள் என்னிடம் எதைக் கேட்டாலும், பதிலை வாங்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கும் போய் ஒரு தடவை கேட்டுவிட்டு வருகிறாள். எனக்கு வர வேண்டிய தண்டனைதான் அது. அவள் அப்படிக் கேட்டு வளர்வதுதான் அவளுக்கு நல்லது.