நாலு ஓவர், 18 ரன்

சென்ற வாரம் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். டி.வி.யில் பழைய மேட்ச் ஒன்றை மறுபடியும் போட்டார்கள். 2024 ஜூன் 29 அன்று பார்படாஸில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் ஆடிய டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டி. முடிவு தெரிந்த மேட்ச்தான். இருந்தாலும் இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டோம். முடிந்ததும் பேரன் சொன்னான்: "தாத்தா, பவுலிங்ல ஹர்திக்தான் ஜெயிக்க வெச்சாரு. மூணு விக்கெட். பும்ராவுக்கு ரெண்டுதான்."

அடியேன் முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கக் கணக்கு எழுதியவன். அதை அப்படியே விட மனசு வரவில்லை. பென்சிலும் பேப்பரும் எடுத்துவரச் சொன்னேன்.

தென்னாப்பிரிக்கா 20 ஓவரில் 169 ரன். ஓவருக்குச் சராசரி 8.45. பும்ரா போட்டது 4 ஓவர், கொடுத்தது 18 ரன். அதாவது ஓவருக்கு 4.50. இதைத்தான் எக்கானமி ரேட் என்கிறார்கள். பவுலர் கொடுத்த ரன்னை அவர் போட்ட ஓவரால் வகுத்தால் வருவது. வைடும் நோபாலும் அவர் கணக்கில் சேரும். பையும் லெக் பையும் சேராது. அவ்வளவுதான்.

"சரி, பும்ராவும் அந்த 8.45 சராசரியிலேயே ரன் குடுத்திருந்தா?" என்று கேட்டேன். பேரன் போனைத் தட்டினான். 34 ரன் வந்தது. கொடுத்தது 18. மிச்சம் 16. இந்தியா ஜெயித்தது எத்தனை ரன்னில்? 7 ரன்னில். பேரன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இன்னொன்றும் காட்டினேன். 15 ஓவர் முடிந்தபோது தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் போதும். அதற்கு முந்தின ஓவரில்தான் அக்ஷர் படேலிடம் 24 ரன் அடித்திருந்தார்கள். நாம் எல்லோரும் டி.வி.யை அணைத்துவிடலாமா என்று நினைத்த நேரம். 16ஆவது ஓவரை பும்ரா போட்டார். நாலே ரன், விக்கெட் கிடையாது. அடுத்த ஓவரின் முதல் பந்திலேயே ஹர்திக்கிடம் கிளாசன் அவுட். விக்கெட் ஹர்திக் பெயரில் எழுதப்பட்டது, அது நியாயம்தான். ஆனால் கிளாசனை அவசரப்பட வைத்ததில் முந்தின ஆறு பந்துக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி. 18ஆவது ஓவரில் பும்ரா கொடுத்தது இரண்டே ரன், கூடவே யான்சன் விக்கெட்டும்.

இவ்வளவு பேசுகிறேனே, எனக்கு கிரிக்கெட் தெரிய வந்ததே வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த பையன்கள் நாங்கள். பள்ளியில் கால்பந்து உண்டு, கிரிக்கெட் கிடையாது. பிரெஞ்சுக்காரருக்கு அந்த ஆட்டமே பிடிபடாது. ஆனால் 'எக்கோனோம்' என்ற சொல் நன்றாகத் தெரியும். சிக்கனமானவர் என்று அர்த்தம். பள்ளி விடுதியில் அரிசி பருப்புக் கணக்குப் பார்ப்பவருக்கும் அதே பெயர். உருளைக்கிழங்குத் தோல் சீவுகிற சின்னக் கத்திக்கும் அதே பெயர்தான்! தோலை மட்டும் மெல்லிசாக எடுக்கும், சதையை வீணாக்காது. எக்கானமி ரேட் என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கத்திதான் ஞாபகத்துக்கு வரும்.

கிரிக்கெட் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து மேஜைக்காரர், கடலூர் பக்கம். 1975இல் முதல் உலகக் கோப்பை நடந்தபோது தினமும் பேப்பரை மடித்து ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு பாடம் நடத்துவார். ஜூன் 7, லார்ட்ஸ் மைதானம். இங்கிலாந்து 60 ஓவரில் 334. நம் கவாஸ்கர் கடைசி வரை நின்று 36 ரன், அவுட் இல்லை. 174 பந்து! ஆபீஸே கவாஸ்கரைத் திட்டித் தீர்த்தது. இன்றைக்கும் அந்த மேட்ச் என்றால் அந்த 36தான் பேச்சு.

அதே ஸ்கோர் கார்டில் கேப்டன் வெங்கட்ராகவன், நம் மெட்ராஸ்காரர், 12 ஓவர் போட்டு 41 ரன் கொடுத்திருந்தார். ஓவருக்கு மூன்றரைகூட இல்லை. மொத்த இன்னிங்ஸோ ஓவருக்கு ஐந்தரைக்கு மேல். மற்றவர்களை எல்லாம் அடித்துத் துவைத்தார்கள், இவரை முடியவில்லை. ஆனால் விக்கெட் பத்தியில் பூஜ்யம். ஆகவே யாரும் அவரைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. நாலு நாள் கழித்து லீட்ஸில் கிழக்கு ஆப்பிரிக்காவுடன் பேடி 12 ஓவரில் 8 மெய்டன், 6 ரன், ஒரு விக்கெட். அதை மட்டும் வாய் பிளந்து படித்தோம். 12 ஓவரில் 6 ரன் என்றால் யாருக்கும் கண்ணில் படுமே!

இன்றைக்கு ரன் மலிந்துவிட்டது. 2023 உலகக் கோப்பையில் டெல்லியில் ஆஸ்திரேலியாவுடன் நெதர்லாந்தின் பாஸ் டி லீட 10 ஓவரில் 115 ரன் கொடுத்தார். அவருக்கு இரண்டு விக்கெட் கிடைத்தது. விக்கெட்டை மட்டும் பார்த்தால் வெங்கட்டைவிட அவர் மேல்! அதே காலத்தில் நேர்மாறும் நடக்கிறது. 2024இல் பப்புவா நியூ கினியாவுடன் நியூசிலாந்தின் லாக்கி பெர்குசன் நாலு ஓவரையும் மெய்டனாகப் போட்டார். 24 பந்து, பூஜ்யம் ரன், மூன்று விக்கெட்.

எக்கானமி ரேட்டைப் பார்ப்பதிலும் ஏமாந்துபோக இடம் உண்டு. முதலாவது, புள்ளி. 3.3 ஓவர் என்றால் மூன்று ஓவரும் மூன்று பந்தும். வகுக்கும்போது மூன்றரை என்றுதான் எடுக்க வேண்டும். 3.3 ஓவரில் 28 ரன் என்றால் ரேட் சரியாக 8. நான் முதலில் 3.3 என்றே வகுத்து, கடலூர்க்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிரெஞ்சுப் பள்ளியில் தசமத்துக்குப் புள்ளி வைக்க மாட்டோம், காற்புள்ளிதான். அந்தக் குழப்பமும் சேர்ந்துகொண்டது.

இரண்டாவது, எந்த ஓவர் என்பது. டி20இல் முதல் 6 ஓவருக்கு வட்டத்துக்கு வெளியே இரண்டு பேர்தான் நிற்கலாம். பிறகு ஐந்து பேர். கடைசி ஓவர்களில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார்கள். ஆகவே நடு ஓவரில் போட்ட 7ஐயும் கடைசி ஓவரில் போட்ட 7ஐயும் ஒன்றாக எடை போடக்கூடாது. ஒருவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தார் என்றும் பார்க்க வேண்டும்.

நாற்காலி என்றதும் ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது. இதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தது.

பணியின் கடைசி வருஷங்களில் நான் பிரிவுக் கண்காணிப்பாளர். என் கீழே இரண்டு எழுத்தர்கள். ஒருவர் சுறுசுறுப்பு, நல்ல பேச்சு. ஒரு முறை பழைய பில் ஒன்றில் பெரிய தொகை இரண்டு தடவை போனதைக் கண்டுபிடித்தார். ஆபீஸ் முழுக்க அதே பேச்சு. இன்னொருவர் பென்ஷன் ஃபைல் பார்த்தவர். வாயே திறக்க மாட்டார். அவரிடமிருந்து போன ஃபைல் எதுவும் ஆட்சேபம் எழுதித் திரும்பி வந்ததில்லை. ரிட்டயரானவர்களுக்கு முதல் மாதப் பென்ஷன் தள்ளிப்போனதும் இல்லை. சுதந்திர தின நற்சான்றிதழுக்கு ஒரு பெயர் கொடுங்கள் என்று அதிகாரி கேட்டார். நான் முதலாமவர் பெயரைக் கொடுத்தேன். "அந்த இன்னொருத்தர்?" என்று அதிகாரி கேட்டதற்கு, "அவர் பேர்ல குறை ஒண்ணும் இல்ல சார், பெருசா சொல்றதுக்கும் ஒண்ணும் இல்ல" என்றேன். இதே வார்த்தைகள்.

அவர் வேறு பிரிவுக்கு மாறிப் போன ஆறே மாதத்தில் பென்ஷன் ஃபைல்கள் கட்டுக்கட்டாகத் திரும்பி வர ஆரம்பித்தன. வயசானவர்கள் படியேறி வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அவர் எத்தனை ரன்னைத் தடுத்திருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் அவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பேரன் ஊருக்குப் போன மறுநாள் அவரைப் பார்க்க முத்தியால்பேட்டைக்குப் போனேன். நன்றாக இருக்கிறார். கண் மட்டும் கொஞ்சம் மங்கல். காபி வந்தது. தயங்கித் தயங்கி அந்த நற்சான்றிதழ் விஷயத்தைச் சொல்லி, தப்பு என்னுடையதுதான் என்றேன்.

"அட விடுங்க சார், அதெல்லாம் யாரு ஞாபகம் வெச்சிருக்காங்க" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "அன்னிக்கு லேசா தூறல் சார். கொடியேத்துனதும் ஆரஞ்சு மிட்டாய் குடுத்தாங்க. எங்க வீட்டுல இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை எடுத்து வெச்சிருந்தாங்க."

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார். இன்னும் இருக்கிறார் என்றால் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.