கருணைக்கிழங்கும் கறுப்பு வளையமும்

"மூலம்தான் மாப்ளே... ரெண்டு வாரம் கருணைக்கிழங்கு தின்னா ஓடிப் போயிரும்!"

மலத்தில் ரத்தம் போக, புதூர் மாமா இப்படிச் சொல்லியே ஆறு மாசம் ஓட்டினார். கடைசியில் மதுரைக்கு இழுத்துப் போனேன். பெருங்குடலில் கேன்சர்! ஆபரேஷன் முடிந்தது. நிணநீர் முடிச்சுகளில் பரவவில்லை என்றார்கள். மாமா உடனே கடலைமிட்டாய் கேட்டார்.

பத்தாலஜி டாக்டர் மட்டும் விடவில்லை. "இன்னொரு சாயம் போட்டுப் பார்த்துடறேன்" என்றார்.

வழக்கமான சாயத்தில் எல்லாமே ஊதா, ரோஸ். கட்டி ஒரு சிரைக்குள் புகுந்து அடைத்துவிட்டால் அது சிரை என்றே தெரியாமல் போகலாமாம். பாஸ்டன் கண் டாக்டர் வெர்ஹோஃப் 1908-ல் வெளியிட்ட சாயமோ, சிரைச் சுவரின் மீள்நார்களைக் கறுப்பாகக் காட்டிக் கொடுத்துவிடும்.

மைக்ரோஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். நம்ம கரிசல் மண் நிறத்தில் ஒரு வளையம். உள்ளே கேன்சர் செல்கள். வயிற்றில் பகீரென்றது.

"குடல் ரத்தம் நேரா கல்லீரலுக்குத்தான் போகுது, தம்பி. கீமோ கொடுக்கிறதைப் பத்தி யோசிக்கணும்."

கொடுத்தார்கள். மூணு வருஷமாச்சு, ஸ்கேனில் ஒன்றுமில்லை. போன வாரம் போனால், இலையில் கருணைக்கிழங்கு மசியல்! முறைத்தேன்.

"ருசிக்குத்தான் மாப்ளே... வைத்தியத்துக்கு இல்ல!"

ரத்தம் வந்தால் நீங்களும் மூலம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், சார்.